கரியமில வாயுவுக்கு ஊறல் போட்ட கதை

பிள்ளை செய்கிற வேலை விளங்காத தாய்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவாள். நான் எங்கள் ஊர் களமருதூர் முழுக்கப் பேசினேன்.

என் மகன் செல்வம் சென்னையில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். நிக்கல் அணுவை நடுவில் நிறுத்தினால் மற்ற அணுக்கள் சுற்றிக் கைகோத்து நிற்குமாம். (கும்மி என்று புரிந்துகொண்டேன்.) அதில் கரியமில வாயு வந்து மாட்டினால், கொஞ்சம் மின்சாரம் கொடுத்து மருந்துக்கு உதவும் பொருளாக மாற்றிவிடலாமாம். சம்பளம்தான் வரவில்லை. ரிஷிவந்தியத்தில் பெண் கேட்டோம். பெண்ணின் அப்பா, "பொகைய வச்சிக்கினு என் பொண்ணுக்கு எப்டிங்க சோறு போடுவாரு?" என்றார்.

வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம் என்று வீறாப்பாக அழைத்துவிட்டேன்.

செல்வம் அந்த நிக்கல் பொடியும் பாட்டரியும் கொண்டுவந்தான். வாயு சிலிண்டர் பின்னால் வர வேண்டும். அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். சிலிண்டர் வரவில்லை. வெல்லம் புளித்தாலும் அதே வாயுதான் வரும் என்று செல்வம் சும்மா முனகினான். நான் விடவில்லை.

வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையைத் தட்டிப் போட்டு, பானை வாயை மண்ணால் பூசி ரப்பர் குழாயைச் செருகினேன். (கல்வராயன் மலையில் சிலர் இதை எதற்குச் செய்வார்கள் என்று தெரியும். நான் விஞ்ஞானத்துக்கல்லவா செய்தேன்.)

பெண்ணின் அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கி மரங்களைத் தாண்டி வந்து சேர்ந்தார். குழாயின் மறுமுனையில், பொடி போட்ட கண்ணாடிக் குடுவையில் குமிழ் வர ஆரம்பித்த நேரம், மரம் வெட்டியவர்களைத் தேடிக்கொண்டு போலீஸ்காரர் இருவர் உள்ளே நுழைந்தார்கள். வாசனை அவர்களுக்குப் பழகினதுதான்.

"இன்னாம்மா இது?"

"கரியமில வாயுங்க."

"நல்லாத்தான் பேரு வச்சிருக்க."

பானைக்கு ஓர் உதை. குடுவையும் கவிழ்ந்து, கும்மி மொத்தமும் ஊறலில் கரைந்தது. செல்வம் நிக்கலிலிருந்து விளக்கத் தொடங்கியதால் அவனையும் பிடித்தார்கள். ஜீப்புக்கு வழியில்லை. நான் பெருமை பேசிய அத்தனை வாசல்களையும் தாண்டி எங்களை நடத்தியே கூட்டிப்போனார்கள்.

மாலையில் பெண்ணின் அப்பாதான் ஸ்டேஷனில் பேசி மீட்டார். திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். சம்பந்தம் போனது என்றே நினைத்தேன்.

வீட்டருகே நின்றார். "பையன் வேல எனக்கு இன்னும் புரியலங்க. ஆனா உங்க கைல தொழில் இருக்குது. பொண்ணு பட்டினி கெடக்காது."

அடுத்த தையில் கல்யாணம். செல்வம் இன்று பெரிய பேராசிரியன். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது வேலை போனால் என் மருமகள் அவனிடம் யோசனை கேட்பதில்லை. என்னிடம்தான் வந்து நிற்பாள்.

"அத்த, வெல்லம் வாங்கியாரட்டுங்களா?"