மகள் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

ஆகஸ்டு பிறந்தால் பென்சில்வேனியாவில் ஒரு இனம் வெளியே நடமாடத் தொடங்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, இனி வீட்டிலேயே, அதுவும் கிரேக்கர்களும் ரோமானியர்களும் படித்த பழைய முறையிலேயே படிப்பிக்கப் போவதாக முடிவெடுத்த இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குக் கேட்காமல் அவர்கள் விடமாட்டார்கள்.

மளிகைக்கடை வரிசையில் இவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு பால் விலை ஏறிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "ஆமா, நாங்க இப்ப வீட்ல லத்தீன் ஆரம்பிச்சிருக்கோம்" என்று பதில் வரும். முதலில் இலக்கணம், அப்புறம் தர்க்கம், அதற்கப்புறம் பேச்சுக்கலை என்று மூன்று படிகளையும் விரல் மடக்கிச் சொல்வார்கள். உங்கள் பிள்ளை எந்தப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறது என்பதையும் கேட்காமலே சொல்வார்கள். "ரெண்டாயிரம் வருஷமா உலகம் இப்படித்தாங்க படிச்சுது" என்பார்கள். அந்த இரண்டாயிரம் வருஷமும் தங்கள் பாட்டன் முப்பாட்டன்மார் பன்றி மேய்த்துக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லமாட்டார்கள். "நம்ம பிள்ளையைப் பத்திக் கேக்க அரசாங்கம் யாரு?" என்று சீறுவார்கள். சீறியபடியே அரசாங்கப் படிவத்தை மூன்று நிற மையில் பூர்த்தி செய்வார்கள்.

டெனீஸ் ஸ்டாஃபர் இந்த இனத்தின் அசல் மாதிரி. வயது முப்பத்தாறு. கணவன் க்ளென் வீடுகளுக்கு வெப்பக்குழாய் போடுகிறவன், ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையிலும் இருக்கிறான். ஒரே மகள் பெய்ஜுக்கு ஒன்பது வயது. டெனீஸின் அப்பா பால் லாரி ஓட்டினார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் டெனீஸ்தான். நான்கு வருஷம் வணிகம் படித்துப் பட்டம் வாங்கினாள், கூடத்துச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. தேவாலயத்தின் நிலவறையில் நடந்த ஒரு தாய்மார் கூட்டத்தில், முத்துமாலை போட்ட பெண்மணி ஒருத்தி காப்பியைக் கலக்கிக்கொண்டே, "காலேஜ்ல காவியமெல்லாம் வாசிச்சிருப்பீங்களே?" என்று கேட்டாள்.

"வாசிச்சேனே" என்றாள் டெனீஸ்.

பச்சைப் பொய். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குள் ஒரே கேள்வி. பட்டம் சுவரில் இருக்கிறது, படிப்பு எங்கே? கடன் வாங்கிப் படித்த நாலு வருஷத்தில் ஒரு கவிஞனாவது கண்ணில் பட்டானா? வீடு வந்து சேர்வதற்குள் முடிவாகிவிட்டது. தனக்குக் கிடைக்காதது பெய்ஜுக்குக் கிடைக்கும். பெய்ஜிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டப்படி முதலில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். நாங்கள் இன்னின்ன பாடம் நடத்துவோம், வருஷத்துக்கு நூற்றெண்பது நாள் நடத்துவோம் என்று எழுதி, நோட்டரி என்ற அத்தாட்சி அலுவலர் முன்னால் கையெழுத்திட்டு, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். டெனீஸ் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனாள். நம் ஊரில் அத்தாட்சி அலுவலர் எங்கே இருப்பார்? வண்டி நம்பர் பலகை விற்கிற கடையில். அவர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய டிரக்குக்கா, புதுசுக்கா?" என்றார்.

"என் மகளோட அறிவுக்கு" என்றாள் டெனீஸ்.

"சரி, இங்க ஒரு கையெழுத்து" என்று முத்திரை குத்தினார்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு அறையில் கரும்பலகை வந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் லத்தீன் வேர்ச்சொற்கள் தொங்கின. கோழிகளுக்கு ரோமப் பேரரசிகளின் பெயர் சூட்டப்பட்டது, அதில் ஒருத்தியைப் பருந்து கொண்டுபோனபோது பேரரசின் வீழ்ச்சி என்று அரைமணி நேரப் பாடம் நடந்தது. காலையில் க்ளென் அப்பத்தின் மேல் பாகு ஊற்றும்போது தாயும் மகளும் வேற்றுமை உருபுகளைப் பாட்டாகப் பாடினார்கள்.

"ஏய் டெனீஸ், இதைக் கொஞ்சம் அப்பத்துக்கப்புறம் பாடக்கூடாதா? பாகு கெட்டியாவுது."

"ரோம்ல யாரும் இப்படிக் கேக்கல க்ளென்."

"ரோம்ல அப்பம் இருந்துச்சா?"

படித்த நூல்களின் பெயரை அவ்வப்போதே எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். தோல் அட்டை போட்ட ஏட்டில் டெனீஸ் அழகாக எழுதிவைத்தாள். மற்ற தாய்மார் பன்னிரண்டு பதினைந்து பெயர் எழுதுவார்கள். இவள் கணக்கு நாற்பத்தொன்று! நாடகங்கள், வரலாறுகள், சிறையிலிருந்து எழுதிய ஞானிகள். தாய்மார் கூட்டத்தில் அந்த ஏடு தற்செயலாக எப்போதும் திறந்தே கிடக்கும். முத்துமாலைக்காரிகூட ஒருநாள் குனிந்து பார்த்தாள்.

ஜூன் இருபத்தேழாம் தேதி மிசஸ் க்ளைன் வந்தார். முப்பது வருஷம் நாலாம் வகுப்பு நடத்தி ஓய்வுபெற்றவர். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பேட்டி கண்டு, தகுந்த கல்வி நடக்கிறது என்று சான்றுக் கடிதம் கொடுக்கிறவர். முப்பதாம் தேதிக்குள் அந்தக் கடிதம் போய்ச் சேராவிட்டால் மாவட்டத்திலிருந்து ஓலை வரும், விசாரணை வரும், பெய்ஜ் மறுபடி மஞ்சள் பள்ளி பஸ் ஏற வேண்டியும் வரலாம். டெனீஸுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"பெய்ஜ் கண்ணு, இந்த வருஷம் என்ன படிச்ச?" என்றார் மிசஸ் க்ளைன்.

"கிரேக்க நாடகத்துலருந்து தொடங்கினோம்" என்றாள் டெனீஸ்.

"எது பிடிச்சுது?"

"சோகம்தான் ரொம்பப் பிடிச்சுது" என்றாள் டெனீஸ்.

"தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு தெரியுமா? அதுவும் பாடத்திட்டத்துல இருக்கு."

டெனீஸ் அவசரமாக ஏட்டைப் புரட்டினாள். ரோம் எரிந்ததற்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தாள். தீ விபத்துப் பாதுகாப்பு என்று ஏட்டில் ஒரு வரிகூட இல்லை!

"ஏம்மா டெனீஸ், நீ போய்க் கோழிக்குத் தீனி வச்சுட்டு வாயேன்" என்றார் மிசஸ் க்ளைன்.

வைத்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தவள், அந்தப் பார்வையைக் கண்டு எழுந்துபோனாள். போனவள் வலைக்கதவுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்றாள். நீங்களும் அங்கேதான் நின்றிருப்பீர்கள்.

"தீப்பிடிச்சா குனிஞ்சு போகணும், கதவைப் புறங்கையால தொட்டுப் பாக்கணும்" என்று பெய்ஜ் கடகடவென்று சொன்னாள். "செவ்வாய்க்கிழமைதோறும் அப்பாகூட தீயணைப்பு நிலையத்துக்குப் போவேன். அம்மாவும் வருவாங்க. ஆனா வண்டியை விட்டு இறங்கமாட்டாங்க. லத்தீன் படிப்பாங்க."

"இந்த நாப்பத்தோரு புத்தகமும் படிச்சியா?"

வெளியே டெனீஸ் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அம்மாதான் எனக்கு வாசிச்சுக் காட்டுவாங்க. அழுகை வர்ற இடம் வந்துச்சுன்னா சத்தம் நின்னுடும். அப்புறம் மனசுக்குள்ளயே வாசிப்பாங்க. நான் இருக்கறதே மறந்துடும்."

"அப்ப நீ என்ன செய்வ?"

"காத்திருப்பேன். சும்மா இருக்க முடியாதே, கணக்குப் போடுவேன். இந்த வருஷத்துக் கணக்குப் புத்தகம் பிப்ரவரியிலயே முடிஞ்சுபோச்சு. இப்ப அடுத்த வருஷத்துப் புத்தகம் போட்டுட்டிருக்கேன். அம்மாட்ட சொல்லாதீங்க."

"ஏன் கண்ணு?"

"பாவம், சந்தோஷமா இருக்காங்க."

மிசஸ் க்ளைன் கணக்கு நோட்டுகளைப் புரட்டினார், பெய்ஜின் ஓவியங்களைப் பார்த்தார், ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கதவைப் பார்த்து, "கோழி சாப்பிட்டு முடிச்சிருக்கும், உள்ள வாம்மா" என்றார்.

கடிதம் கையெழுத்தாகி மேஜைமேல் இருந்தது. "உன் மகளுக்கு நல்ல கல்வி கிடைச்சிருக்கு, நான் எழுதிக்கொடுத்துட்டேன். ஆனா ஏட்டுல பிள்ளை படிச்ச நூல்தான் இருக்கணும். அவளைக் கேட்டு எண்ணிப் பாத்தேன், ஆறு. அந்த ஆறை மட்டும் தனித்தாள்ல எழுதி, மாவட்டம் கேட்டா காட்டக் கோப்புல வை."

"மத்த முப்பத்தஞ்சு?"

"அது யாரு படிச்சதோ அவங்களுக்கு."

பிழைத்தோம் என்று டெனீஸ் மூச்சுவிட்டிருக்க வேண்டும். விட்டாளா? கடிதத்தை எடுக்கவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெய்ஜ் வெளியே ஓடிப்போகும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "மிசஸ் க்ளைன், என்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கறீங்களா?"

மிசஸ் க்ளைனுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த முப்பத்தஞ்சுல உனக்குப் பிடிக்காதது எது?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருஷமாக எல்லாவற்றையும் ஆஹா என்றே சொல்லி வந்தவள். தர்க்கமும் உதவவில்லை, பேச்சுக்கலையும் உதவவில்லை. கடைசியில் சொன்னாள்: "மூணாவது. அந்தப் போர் வரலாறு. எழவு, நகரவே நகராது. எம்பது பக்கம் படிக்காமலே தாண்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் நகரல?"

"கப்பலை எண்ணுறான், ஆளை எண்ணுறான். அந்தக் கப்பல்ல போனவனோட வீட்ல யாரு காத்திருந்தாங்கன்னு ஒரு வரி எழுதமாட்டேங்கறான்."

மிசஸ் க்ளைன் பையை எடுத்தார். "இதையும் ஏட்டுல எழுதி வை" என்று எழுந்துகொண்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், நாம்தான் லத்தீன் படிக்கவில்லையே. பிள்ளையை நீச்சலுக்கும் வயலினுக்கும் கூட்டிக்கொண்டுபோய், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நம் கைகால்களையும் சேர்த்து ஆட்டுகிறோம், அவ்வளவுதான். உங்கள் மகனின் அறிவியல் கண்காட்சி எரிமலைக்குச் சாயம் அடித்தது யார் என்றும் நான் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்க ஆசை: மேடையில் முதல் பரிசுக்குப் பெயர் வாசித்தபோது, நாற்காலியிலிருந்து முதலில் எழுந்தது பிள்ளையா?