விற்காத பம்புக்கு வரி

மனிதகுலம் போராடிப் பெற்ற உரிமைகளிலேயே மகத்தானது, வரி கட்டும் முறையை வரி கட்டுபவரே தேர்ந்தெடுக்கும் உரிமை. கோவில்பட்டியில் வரி ஆலோசகராகத் 'தொண்டாற்றும்' நான் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

என் கட்சிக்காரர் செல்வமாரி, பசுவந்தனையில் தனி ஆளாகக் கடை நடத்துகிறார். ஐப்பசி, கார்த்திகையில் பயிருக்கு மருந்தடிக்கும் பம்பு விற்பார். அறுவடை சமயத்தில் களத்தில் விரிக்கத் தார்ப்பாய் விற்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்தால் போதும். ஆனால் இடைப்பட்ட மாதங்களிலும் வரியைக் கட்டிவிட வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அந்தந்த மாத விற்பனையைக் கணக்குப் பார்த்துக் கட்டுவது. மற்றது 'நிலையான தொகை': போன காலாண்டில் கட்டிய வரியில் முப்பத்தைந்து சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவது.

நான் இரண்டாவதைச் சிபாரிசு செய்தேன். வேலை மிச்சம் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மாதாமாதம் முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லி அவர் மனத்தைக் குழப்ப நான் விரும்பவில்லை.

தை மாதம் ஒரு பம்புகூட விற்கவில்லை. முற்றிய பயிருக்கு யார் மருந்தடிப்பார்கள்? வரித்துறைக் கணினியோ கார்த்திகை மழை இன்னும் ஓயவில்லை என்று நம்பியது. மழையை நம்பி விதைக்கும் கரிசல் சம்சாரிகளுக்கே இல்லாத நம்பிக்கை. அந்த முப்பத்தைந்து சதவீதத்தைக் கேட்டது.

"விக்காத பம்புக்கு எதுக்கு அண்ணாச்சி வரி கட்டுதேன்?" என்றார் செல்வமாரி போனில்.

"பணம் எங்கயும் போகாது. உங்க பேர்ல அங்கன பத்திரமா இருக்கும்," என்றேன்.

பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அது தார்ப்பாய் வாங்க வைத்திருந்த பணம். மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குத் தர மறுத்துவிட்டார். மாசியில் களமெங்கும் கொத்தமல்லி காய்ந்தபோது, செல்வமாரியிடம் வழக்கமாக வாங்குபவர்கள் ஓட்டப்பிடாரம் போய் வாங்கினார்கள். விற்காத பம்புக்கு வரி கட்டியதால் தார்ப்பாய் விற்க முடியவில்லை. எனவே தார்ப்பாய்க்கு வரி கட்டும் சிரமமும் இல்லை. எத்தனை ஒழுங்கான ஏற்பாடு பாருங்கள்.

காலாண்டு முடிந்ததும், மிஞ்சிய பணத்தைத் திரும்பக் கேட்க அவரை வரி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

"ஏம்மா இவ்வளவு அதிகமாக் கட்டினீங்க?" என்றார் அதிகாரி.

"நீங்கதான சார் கேட்டீங்க."

"நாங்க கேக்கல. ரெண்டு வழியில நீங்களாத் தேர்ந்தெடுத்தது."

"நான் எங்கன சார் தேர்ந்தெடுத்தேன்? அண்ணாச்சிதான் செஞ்சாவ."

"பட்டனை யார் அமுக்கினான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா. உங்க பேருதான் இருக்கு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் தொங்கிய 'நேர்மையே நமது மூச்சு' பலகையை ஊன்றி வாசித்தேன். பணம் வரும், காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார் அதிகாரி.

வாசலில் என் கட்டணத்தைக் கேட்டேன். செல்வமாரி ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு, நகராமல் நின்றார்.

"ரசீது குடுங்க அண்ணாச்சி."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் ரசீது கொடுத்தால் நானும் வரி கட்ட வேண்டும். அதற்கு எந்த முறை உகந்தது என்று பல ஆண்டுகளாகத் தீவிரமாக ஆலோசித்துவருகிறேன். இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.