பூனைக்கு மாத்திரை, எனக்குத் தராசு

வில்லியனூர் பக்கத்தில் எடை தெரியாமல் எந்த உயிரையும் மதிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது தராசு முசேதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் பக்கத்தில் 'ஐயா'வை 'முசே' என்போம். ஆட்டைப் பார்த்தால் "பதினெட்டு கிலோ" என்பார். வணக்கம் சொன்ன பெரிய மனிதர்களுக்கும் பதில் அதுதான். எண் மட்டும் கூடும்.

பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலக்கியவர். மனிதர்கள் சொன்னபடி மருந்து சாப்பிடமாட்டார்கள் என்று வெறுத்துப்போய், ஊர் திரும்பி ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

நான் வில்லியனூரை அடுத்த உறுவையாற்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில். தாய்வீட்டிலிருந்து என்னோடு ஒரு பூனையும் கூடையில் வந்தது. புகுந்த வீட்டில் எனக்குப் பழகிய முகம் அது ஒன்றுதான். அது எதனிடமோ கடிபட்டு, முதுகில் சீழ் வைத்து, சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டுவிட்டது.

மாமியார் மாட்டுப் புண்ணுக்குப் பூசும் கார்பாலிக் எண்ணெயை எடுத்தார். தெருவில் போன முசே வேலி தாண்டிக் குதித்தார்.

"பூசாதம்மா! பூனை நாள் பூரா நக்கும். அத்தினியும் வயித்துக்குதான் போவும். செத்துடும்!"

"அப்ப இன்னாதான் தர்றது?" என்றார் மாமியார்.

"சல்பா மாத்திரை. சீழ நிறுத்தும். கூடினா மூத்திரம் கட்டிக்கும், கொறஞ்சா சீழ் நிக்காது. எடை பாக்கணும்."

நெல் மூட்டை நிறுக்கும் தராசை வாசலில் கட்டினார். பூனை தட்டில் நிற்குமா? பாய்ந்தது.

"தங்கச்சி, பூனைய மடில வச்சிக்கினு நீ ஒக்காரு. அப்புறம் நீ தனியா ஒருவாட்டி. கழிச்சா பூனை."

புது மருமகள் தராசில் உட்கார்ந்தால் தெரு என்ன நினைக்கும்? துலாபாரம் என்று நினைத்தது. எதிர்வீட்டு அத்தை கற்பூரம் ஏற்றிவிட்டார். யாரோ எடைக்கல் தட்டில் வெல்லம் வைத்தார்கள். கணக்கு புரண்டது.

"இன்னாடி வேண்டுதல்? புள்ளைக்கா?"

"வெல்லத்த எடுங்கடி! இது பூனைக்குப் பாக்குற வைத்தியம்!" என்று குதித்தார் முசே.

மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் என் எடையைத் தெருக்கோடி வரை கேட்கக் கத்தினார். அது எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன்.

ஒரு மாத்திரையைச் சவரக் கத்தியால் சீவி, சிட்டிகை சிட்டிகையாய்ப் பொட்டலம் மடித்தார். "தண்ணி நெறைய ஊத்து. எழுந்து நடந்துச்சின்னு நடுவுல நிறுத்திடாத, ஆறு நாளும் குடு."

நான் நிறுத்திவிடுவேனோ என்று ஆறு நாளும் அவரே வந்து நின்றார். ஆறாம் நாள் பூனை அவர் மூக்கைக் கீறியது. "பலம் வந்துடுச்சி!" என்று, அரசாங்கம் பதக்கம் கொடுத்ததுபோல அந்தக் கீறலைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போனார்.

இப்போது யார் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், முசே ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டுமே என்று மனசு வேலிப்பக்கம் போய் நிற்கிறது.