பிரகடனப் பெரியவர் உட்கார்ந்த நாற்காலி

உலகமே திரண்டு வந்தாலும் சரி, அந்தப் பிரம்பு நாற்காலி இந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்று கண்டக்டர் முடிவு கட்டிவிட்டார். உலகம் ஒன்றும் திரண்டு வரவில்லை. வந்தது அவர் மனைவி மட்டும்தான். அதுவே தாராளம்.

கண்டக்டர் பாவம், நாள் பூரா நின்றே பிழைக்கிற மனிதர். ஊர் ஜனமெல்லாம் சொகுசாக உட்கார்ந்து போக, அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பஸ் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் கிடக்கும் அந்த நாற்காலியில் விழுந்தால், எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். வருஷக்கணக்காக இப்படி விழுந்து விழுந்து பிரம்பின் நடுவே ஒரு குழியே உண்டாகிவிட்டது. அளவெடுத்துச் செய்ததுபோல அது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். வேறு யார் உட்கார்ந்தாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அவர் மனைவி தையல் வேலை செய்கிறவள். அவளுக்கும் அதே ஜன்னல்தான் வேண்டும். மிஷினை அங்கே போட்டால்தான் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு வெளிச்சம் வரும்.

"ஏங்க, இந்த நாற்காலியைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாமா?"

"முதல்ல என்னைப் போடு. அப்புறம் அதைப் போடு."

"உங்களை அவன் எடுத்துக்க மாட்டான். கேட்டுப் பார்த்துட்டேன்."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். அந்த வருஷம் நாடு உருவாகி எழுபத்தைந்து ஆண்டு நிறைந்தது. ஊர் வரலாற்றுக் குழு கிளம்பிவிட்டது. ஊர்வலம், சொற்பொழிவு, நூலக மண்டபத்தில் ஒரு வாரக் கண்காட்சி என்று ஒரே அமளி. கொடி தைக்கிற வேலை முழுக்க நம்ம தையல்காரம்மாவுக்குத்தான். அதனால் செய்தியும் அவள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

"நாடு பொறந்த அன்னிக்கு இந்த ஊர்ல இருந்த சாமான் எதுவா இருந்தாலும் கண்காட்சிக்குக் கொடுக்கலாமாம். அந்த மாதிரி சாமானைத் தூக்கிப் போடுறது தேசத்துக்கே அவமானம்னு செயலாளர் சொல்றாரு" என்றாள், கொடித் துணியை மடித்துக்கொண்டே.

கண்டக்டர் மூளைக்குள் விசில் ஊதியது.

"இந்த நாற்காலி யாரோடதுன்னு நினைச்சே?"

"நம்மளோடது. ஏலக்கடையில வாங்கினோம். நான்தானே பக்கத்துல நின்னேன்."

"ஏலக்கடைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து?"

"நாடு பொறந்த அன்னிக்கு நம்ம ஊர்ச் சதுக்கத்துல ஒரு பெரியவர் பிரகடனம் வாசிச்சாரே, அவர் உட்கார்ந்த நாற்காலி இது. கடைக்காரர் என் காதுல மட்டும் சொன்னாரு."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அங்கேயே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே ஆனார்?

"பெரியவர் நின்னுக்கிட்டுதானே வாசிச்சிருப்பாரு?"

"வாசிச்சு முடிச்சதும் உட்காரமாட்டாரா?"

"அப்போ இந்தக் குழி?"

"அவர் குழிதான். ஆள் நல்ல கனம்."

"ஒரே நாள்லயா இவ்வளவு ஆழம்?"

"சாகிற வரைக்கும் இதுலதான் உட்கார்ந்தாரு. கேள்வி கேட்கிறாளே."

"நான் கேட்கலைங்க, செயலாளர் கேட்பாரு. நீங்களும்தானே தினம் உட்கார்றீங்க? குழி உங்களோடதுன்னு சொல்லிட்டா?"

"நானா? ஒரு நாள்கூட இதுல உட்கார்ந்ததில்லை. அந்தப் பெரியவர் மேல அவ்வளவு மரியாதை எனக்கு" என்றார் கண்டக்டர், அதில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"அப்படியே செயலாளர்கிட்ட சொல்லுங்க. ஊரே ஒத்துக்கிட்டா, அப்புறம் இதைத் தூக்கிப் போடுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

இதுதானே அவருக்கு வேண்டும். அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டார்.

வரலாற்றுக் குழுச் செயலாளர் ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். பூதக்கண்ணாடியோடு வந்தார். கண்டக்டர் சொன்னதையெல்லாம் கேட்டார். குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"எவ்வளவு பெரிய பாரம் சுமந்திருக்கு" என்றார்.

"ஆமாங்க, பாரம்தான்" என்றாள் தையல்காரம்மா.

நாற்காலி கண்காட்சிக்குப் போயிற்று. ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து கண்டக்டருக்கு முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். திரும்பி வரும்போது அது சரித்திர நாற்காலியாக அல்லவா வரும்? அப்புறம் எந்த மகராசி கை வைப்பாள் பார்க்கலாம்.

நிறைவு விழாவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. கணவன் மனைவி இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மைக் அவள் கைக்குப் போய்விட்டது.

"இவ்வளவு பெரிய பொருள் எங்க வீட்டு மூலையில கிடக்கிறது நியாயமே இல்லைன்னு எங்க வீட்டுக்காரர் ராப்பகலா வருத்தப்படுறாரு. அதனால இதை ஊருக்கே கொடுத்துடறோம். இனிமே நிரந்தரமா இங்கேயே இருக்கட்டும்."

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. கண்டக்டர் மனைவி காதருகே குனிந்தார்.

"ஏய், என்ன காரியம் பண்ணிட்டே?"

"பிடிக்கலைன்னா எல்லாம் பொய்னு மைக்ல சொல்லிட்டுத் தூக்கிட்டு வாங்க. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பாதிப் பேர் அவர் பஸ்ஸில் வருகிறவர்கள். வாயைத் திறந்தால் நாளையிலிருந்து டிக்கெட்டைக்கூட நம்ப மாட்டார்கள். மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. தேசபக்தி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாற்காலியைச் சுற்றிச் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டினார்கள். கண்டக்டர் உற்றுப் பார்த்தார். அந்த வெல்வெட்டின் தையல் அவர் மனைவி கைத் தையல். கயிற்றுக்கு உறை தைத்து முடித்த பிறகுதான் கண்காட்சிச் செய்தியையே வீட்டுக்குக் கொண்டு வந்தாளாம். பெருமையோடு செயலாளரே சொன்னார். அது மட்டுமா? தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் நாற்காலியின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு வரலாறு சொல்ல நம்ம கண்டக்டர் சம்மதித்திருக்கிறார் என்று ஒரு அறிவிப்பும் வந்தது. சம்மதம் சொன்னவள் பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள்.

மறுநாள் ஜன்னலோரம் தையல் மிஷின் ஏறிவிட்டது. சாயங்காலம் கண்டக்டர் நூலகத்தில் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் பிரகடனப் பெரியவரின் பெருமையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கால் வீங்கியது. கூட்டம் கலைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு காலை மெல்லத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். கதவு பூட்ட வந்த காவலாளி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் சார். அந்தக் குழியில உட்காரணும்னா பெரிய மனுஷனா இருக்கணும். உங்களுக்குப் பொருந்தாது."