பூதத்தின் குகைக்குப் பின்வாசல்

பீர்க்கன்கரணை,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஷெர்வினுக்கு,

மாமனார் சாலமன் அன்போடு எழுதுவது. தேவ கிருபையால் நானும் உங்கள் அத்தையும் சுகம். புனே தண்ணீர் தங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று ஜெபிக்கிறோம். நிற்க.

மாதாமாதம் கோவிலம்பாக்கம் வீட்டில் தாங்கள் சிநேகிதர்களுக்கு நடத்தும் விளையாட்டை, அதாவது ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டும் அந்த விளையாட்டை, இந்த முறை ஆஷாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். பிள்ளை பயந்துவிட்டது. "அவங்க எல்லாம் அவரோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்ப்பா. நான் சொதப்பினா இவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நினைப்பாங்க" என்றாள். கல்யாணமாகி ஆறு மாதம்தானே. என்னிடம் அவள் கேட்டது ஒரே உதவி, பூதம் வசிக்கும் குகைக்கு ஒரு வரைபடம். எனக்குக் கோடு நேராக வராது என்பதால் பக்கத்து வீட்டுத் துளசிங்கத்திடம் போனேன். சொந்த வயலையே மனை போட்டு விற்றவர், வரைபடம் அவருக்கு வெற்றிலை மடிப்பது போல. ஆனால் ஆஷா எழுதிக் கொடுத்ததைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இன்னா சார் இது, பூதம் குந்திகினு கீற ரூமுக்கு ஒரே வாசலா? நெருப்பு புடிச்சா எப்டி வெளிய வரும்?" என்றார். நெருப்பைக் கக்குவதே அந்தப் பூதம்தான் என்றேன். "அப்ப கண்டிப்பா ரெண்டு வாசல் வோணும்" என்று சொல்லி, பின்வாசலும் அதற்கு முப்பதடி ரோடும் போட்டு, மூலையில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, கலர் பிரிண்டே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பூதம் பேச வசனம் வேண்டுமே என்று நம்ம சபையில கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுற ரத்தினபாய் அக்காகிட்டயும் போய்ச் சொன்னேன். எழுதினாங்க, ஆனா ரெண்டாம் பக்கத்துலயே பூதம் அழுதுடுச்சு. கொஞ்சம் கெட்டவனா இருக்கட்டும்க்கான்னா, "மனந்திரும்பாம எப்படி தம்பி விடறது?"ன்னு என்னையே கேட்டாங்க.

நேத்து ஆட்டம். ரெண்டு பேரும் நாங்களும் வருவோம்னு துளசிங்கம் கார்ல ஏறி உக்காந்துட்டாங்க. ஆஷா பாவம், குகை முன்வாசல்ல காவலாளிங்களை நிறுத்தி, எப்படிச் சண்டை போடணும்னு ராத்திரி பகலா யோசிச்சு வெச்சிருந்தா. வீரன் வேஷம் போட்ட முகிலன் வரைபடத்தைப் பாத்தாரு, "இங்க பின்வாசல் இருக்கே"ன்னு நேரா பூதத்துகிட்டயே போய் நின்னுட்டாரு. பிள்ளைக்கு முகம் வெளிறிப்போச்சு. அவசரமா வசனத்தைப் படிக்க ஆரம்பிச்சா. அழுத்தம் பத்தலம்மான்னு தாளைப் பிடுங்கி ரத்தினபாய் அக்காவே படிச்சு, நிஜமாவே அழுதாங்க. முகிலன் கத்தியைக் கீழ வெச்சிட்டாரு. மந்திரவாதி வேஷம் போட்ட தீபா, "இப்ப இவரை என்ன செய்யறது?"ன்னு கேட்டது. சோபாவுல இருந்த துளசிங்கம் வாய் தொறந்தாரு.

"எத்தினி வருசமா அங்க கீது?"

"முந்நூறு வருஷம்" என்றாள் ஆஷா.

"அப்ப அனுபவ பாத்தியதை வந்துட்ச்சி. வெட்னா கேஸ் ஆவும். பேசி முடிப்போம்."

பேசி முடிச்சாங்க மாப்பிள்ளை. குகை பூதத்துக்கு, குகைக்குள்ள இருக்கிற கிணறு ஊருக்கு, வழி பொது. சாயங்காலம் வரைக்கும் பஞ்சாயத்து. பகடை ஒண்ணு உருண்டு சோபாவுக்கு அடியில போச்சு, எடுக்கக்கூட ஆளில்லை. ஆஷா எழுந்து சமையல்கட்டுக்குப் போனா. எட்டிப் பார்த்தேன், சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு தோள் குலுங்கிட்டிருந்துது. கூப்பிட எனக்குத் தைரியம் வரல. சொல்லாம கிளம்பி வந்துட்டேன்.

ஆகவே தாங்கள் சீக்கிரம் திரும்பி வந்து, அந்தச் சிநேகிதர்களிடம் நாலு வார்த்தை பேசி, விளையாட்டைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, என் மகள் மானத்தைக் காக்க வேண்டும். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

தங்கள் மாமா,
சாலமன்

பி.கு.: கவர் ஒட்டும்போது ஆஷா போன் செய்தாள். சமையல்கட்டில் அவள் அழவில்லையாம், சிரிப்பை அடக்கத்தான் அங்கே போனாளாம். இனிமே ஆஷாவே நடத்தட்டும், அந்த அங்கிளும் ஆன்ட்டியும் கண்டிப்பா வரணும்னு உங்க சிநேகிதர்கள் எல்லாரும் ஒரே பிடியா நிக்கிறாங்களாம். அதனால அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், வேலையை நிதானமா முடிங்க. வந்ததும் உங்களுக்கு ஏதாவது ஒரு சின்ன வேஷம் தரச்சொல்லி நான் ஆஷாகிட்ட பேசிப் பார்க்கிறேன்.