காதாகிய கட்டிடம்

மனிதன் குகையை விட்டு ஏன் வெளியே வந்தான் என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தொழிலாளர் குறைகேட்பு மையத்தைக் கட்டுவதற்காகத்தான் வந்தான். இடையில் அவன் கட்டிய பாலங்கள், அணைகள், கோபுரங்கள் எல்லாம் வெறும் ஒத்திகை.

அந்த மையத்தில் நான் 'வரவேற்பு நெறியாளர்'. முந்தைய பெயர் வாசல்காரன். பெயர் வளர்ந்தது, உடுப்பு அதேதான்.

முன்பு மையம் என்பது ஒரே அறை. ஒரு மேசை, ஒரு அதிகாரி, எதிரே ஒரு ஸ்டூல். ஆள் வந்து குறையைச் சொல்வான். அதிகாரி எழுதிக்கொள்வார். இப்படி எத்தனை காலம்தான் காட்டுமிராண்டிகளாக இருப்பது? வருகிறவர்களோடு 'உறவாடும்' கட்டிடம் வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு 'உருவகக் குழு' ஒன்று அமைந்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும் பொறுப்போடு நானும் அதில் பங்கேற்றேன்.

"கட்டிடம்னா என்னன்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்கினார் கட்டிடக் கலைஞர்.

"நாலு சுவர், ஒரு கூரை" என்றார் இன்ஜினியர். பாவம், படித்தது அவ்வளவுதான்.

"இல்ல சார். கட்டிடம் ஒரு உருவகம். மொதல்ல உருவகத்தைப் பிடிக்கணும். செங்கல் தானா வந்து ஒட்டிக்கும்."

இயக்குநர் சிங்கம் என்றார். வாய் வழியாக உள்ளே போக ஆள் தயங்குவார்கள் என்று கணக்கர் ஆட்சேபித்தார். ஆமை என்று ஒருவர் சொன்னார். அலுவலகத்தைக் கிண்டல் செய்வதாக நினைத்து அவரை உட்காரச் சொன்னார்கள். கடைசியில் கலைஞர் எழுந்தார். மெல்லத் தன் காதைப் பிடித்துக் காட்டினார்.

"குறையைக் கேக்குறது எது?"

மேசை அதிரக் கைதட்டல்.

"காதுல கக்கூஸ் எங்க சார் வைக்கிறது?" என்றார் இன்ஜினியர்.

"உங்க காதுல இருக்கா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டார். எனவே வைக்கவில்லை. அதே நியாயப்படி ஜன்னல்களும் நீங்கின.

எழுந்தது காது. மூன்று சுற்று வளைந்து போகும் நடை. முடிவில் ஒரு கூடம். அதன் கோடியில், பின்சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரைவரை இழுத்துக் கட்டிய வெள்ளைத் திரை: செவிப்பறை. அதன்முன் நின்று மென்மையாகச் சொன்னால் மஞ்சள் விளக்கு எரியும், குறை பதிவாகும், கதவு திறந்தே இருக்கும். உரக்கச் சொன்னால் காது தன்னைக் காத்துக்கொள்ளும். கதவு சாத்திக்கொள்ளும், சுவர் நீலமாகும், ஓடை சலசலக்கும். பேசுகிறவர் சாந்தமாகும்வரை கட்டிடம் அவரை 'அரவணைத்து' வைத்திருக்கும்.

ஒரே ஒரு சின்னச் சங்கடம். வருகிறவர்கள் எல்லாரும் கலவை மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பழகியவர்கள். என் அப்பா செங்கல் சுமந்தவர். வீட்டில் அவர் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். இதைக் கலைஞரிடம் சொன்னேன்.

"அவங்க குரலைப் பண்படுத்துறதும் கட்டிடத்தோட வேலைதான்" என்றார்.

அறுபது வருஷம் அப்பாவை எவனும் பண்படுத்தவில்லையே என்று மனம் உருகிப்போனேன்.

காது ஒன்று போதாது என்று பின்புறத்திலேயே இரண்டாவது காது எழுந்துகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கிருந்து ஒரு சித்தாள், கையில் பூச்சுக் கரணையோடு மூன்று சுற்றும் ஓடி வந்தாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"அய்யா, சாரம் ஆடுது! முட்டுக் கழி நகந்துபோச்சு. மூணாவது மாடி உசரத்துல என் தங்கச்சியோட பதினோரு பேரு நிக்குறாங்க. மையத்துல எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் வேலைய நிறுத்துவேங்குறாரு மேஸ்திரி. அவரு சொல்லாம அதுங்க இறங்காதுங்க!"

கதவு சாத்திக்கொண்டது. சுவர் நீலமானது. ஓடை சலசலத்தது.

"மெதுவாப் பேசும்மா" என்றேன்.

"மெதுவாப் பேசுற விஷயமாய்யா இது?"

"உங்கள் மனம் கொந்தளிக்கிறது" என்றது கட்டிடம். "ஆழ்ந்து மூச்சு விடுங்கள்."

"என் மனசு கிடக்குது கழுத! சாரத்தைப் பாரு!"

நீலம் இன்னும் அடர்ந்தது. அப்போதுதான் கூடத்தின் மேல்மாடத்தில் கலைஞர், அயலூர் நிபுணர்கள் நால்வரோடு வந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கேட்டீங்களா? 'சாரம் ஆடுது'ங்குறாங்க! உழைக்கிறவன் நிக்குற தளமே ஆடுதுன்னு எவ்வளவு சுருக்கமா... நாம இவங்களுக்கு உருவகம் சொல்லித்தர வேண்டியதே இல்ல!"

"உருவமுமில்ல, அருவமுமில்ல சாமி!" என்று கத்தினாள். "கழியில கட்டின சாரம்! கயிறு அறுந்து தொங்குது!"

"கயிறு!" என்றார் கலைஞர். நிபுணர்கள் எழுதிக்கொண்டார்கள். "பந்தம் அறுந்துடுச்சுங்குறாங்க!"

கதவைத் திறக்கும் சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் அவசரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டிய சாவி அது. அவசரம் என்று கட்டிடம் அறிவிக்கவில்லை. நான் விதியை மதிப்பவன். மேலும், கலைஞர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு நிமிஷம் அரவணைப்பு நீடித்தது. பிறகு அந்தப் பண்பற்ற பெண் கரணையால் செவிப்பறையை மேலிருந்து கீழாகக் கிழித்து, அந்த வழியாக வெளியே பாய்ந்தாள். கிழிந்த வெள்ளைத் துண்டைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

"எழுதிக் குடுத்துட்டாங்க மேஸ்திரி! இறங்கச் சொல்லு! அடியே, இறங்குடி!"

தூரத்தில் துணியும் காகிதமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேஸ்திரி விசில் ஊதினார். பத்துப் பேர் இறங்கினார்கள். கடைசியில் தங்கச்சி. அவள் பாதி இறங்கும்போது சாரமும் கூடவே இறங்கிவிட்டது. உயிர் இருக்கிறது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

போன வாரம் அவள்மீது விசாரணை. குற்றச்சாட்டுகள் மூன்று: செவிப்பறையைச் சேதப்படுத்தியது, இல்லாத உத்தரவை இருப்பதாகக் காட்டியது, உரத்த குரல். இயக்குநர் அன்றைய பதிவை வாசித்தார்: "வருகை ஒன்று. குறை ஏதுமில்லை."

பதிவு சரிதானா என்று என்னைக் கேட்டார்கள். கட்டிடம் பதிவு செய்தது அவ்வளவுதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கட்டிடம் விரும்பியபடியே, முதல் தடவையாக, மிக மென்மையாகப் பேசினாள்.

"சுவத்துக்குக் கேக்கல, சரி. நீங்க பக்கத்துலதானய்யா நின்னீங்க?"

விசாரணைக் குழு இதைக் குறிப்பில் ஏற்றவில்லை. இதில் உருவகம் எதுவும் இல்லையாம்.