கேக் லாரியும் கேக் தேரும்

ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றி, அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியை அழுத்திய பிறகுதான் கமலவேணிக்கு மூச்சு வந்தது.

மூன்று மணிக்கு மோகனூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதே மூன்று மணிக்கு டிவியில் 'இனிப்புச் சிற்பி' இறுதிச் சுற்று. கேக்கிலேயே யானை, கப்பல், கலங்கரை விளக்கம் என்று செய்து காட்டுகிற போட்டி. அவள் கணவர் அப்புசாமி நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். முப்பது வருஷமாகக் கட்டுமான வேலை பார்த்தவர் என்பதால், கேக் விஷயத்திலும் தன் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று நினைப்பவர்.

"இந்தப் பாழாப்போன டிவியால ரெண்டு சம்மந்தம் போச்சு," என்றாள் மகள் தமிழினியிடம்.

மோகனூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் தமிழினி பூ வைத்துக்கொண்டே சிரித்தாள். "முதல்ல வந்தவங்க அப்பா போட்ட சத்தத்துல பயந்து போனாங்க. ரெண்டாவது வந்தவங்கள அப்பாவேதான வேண்டாம்னாரு?"

"ஆமா. அவரு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினாங்களாம். சொந்தமா ஒரு வார்த்த பேசத் தெரியாத ஊட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாரு. பேசினாலும் தப்பு, பேசாட்டியும் தப்பு. அதான் இன்னைக்கு டிவியே ஓடக் கூடாது."

"ஓடட்டும் உடும்மா."

"நீ சும்மா இரு சாமி. ரெண்டு தடவையும் பலகாரம் வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. இந்தத் தடவையாவது அவங்க கை நனைக்கோணும்."

பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால் குடிப்பார்கள். சம்மதம் என்றால்தான் தட்டில் கை வைப்பார்கள். கை நனைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அப்புறம் பின்வாங்குகிற பேச்சே கிடையாது.

கமலவேணி அடுப்படிக்குப் போய் மைசூர்பாகை வில்லை போட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். கேசரி கிண்டினாள். பார்த்தாள். இரண்டே கால். முறுக்கையும் லட்டையும் தட்டில் அடுக்கினாள். அப்போதும் இரண்டே கால்.

"ஏனுங்க! கடிகாரம் ஓடலீங்களே!"

கூடத்திலிருந்து அப்புசாமியின் குரல் வந்தது. "அதுல இருந்த பேட்டரியத்தான் ரிமோட்டுல போட்டிருக்கறேன். ரிமோட்டு பேட்டரிய எந்தக் கழுதையோ எடுத்துருச்சு."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் நின்றது. நைட்டியும் கையெல்லாம் கடலைமாவுமாக நின்ற கமலவேணி உள்ளறைக்கு ஓடி, கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, அகப்பட்ட ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"வாங்க, வாங்க! உக்காருங்க!"

மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன், கரும்புத் தோட்டக்காரர். வாட்டசாட்டமான ஆள். அம்மா வசந்தாமணி அமைதியாகச் சிரித்தபடி உட்கார்ந்தார். மாப்பிள்ளை சபரிநாதன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பெண் வரும் வாசலை மட்டும் பார்க்காமல் சமாளித்தான்.

சென்னியப்பன் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, டிவி ஓடறதில்லீங்களா?"

"ரிப்பேருங்க," என்றாள் கமலவேணி.

"இப்பத்தான ஓடிட்டு இருந்துச்சு?" என்றார் அப்புசாமி.

"இன்னைக்கு 'இனிப்புச் சிற்பி' கடைசிச் சுத்துங்களே!" சென்னியப்பனின் முகம் வாடிப்போனது.

அப்புசாமி நாற்காலி நுனிக்கு வந்தார். "நீங்களும் பார்ப்பீங்களா?"

"என்னுங்க இப்படிக் கேட்டுட்டீங்க? டேய் சபரி, எந்திரிச்சு என்னன்னு பாருடா."

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு டிவிக்குப் பின்னால் மண்டி போட்டான். இருட்டாக இருக்கிறதென்று தமிழினியே டார்ச்சோடு வந்து குனிந்தாள். ஒரு ஒயரைச் சொருக இரண்டு பேருக்கும் ஐந்து நிமிஷம் ஆனது. டிவி வந்தது.

கமலவேணி கணவரின் காதில் கிசுகிசுத்தாள். "அவரு என்ன சொன்னாலும் ஆமாங்கோணும். புள்ள கல்யாணம், பார்த்துக்கங்க."

திரையில் இரண்டு பேர் மிச்சம். கயல்விழி என்ற பெண் கேக்கில் லாரி செய்துகொண்டிருந்தாள். அன்பரசு என்ற பையன் தேர்.

"தேருதான் ஜெயிக்கோணும்," என்றார் சென்னியப்பன்.

அப்புசாமி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாங்க."

"லாரியில என்ன அழகு இருக்குது?"

"ஆமாங்க." கழுத்து நரம்பு புடைத்தது.

"லாரி எவன் வேணா கட்டலாமுங்க. தகரத்த மடிச்சா லாரி."

"ஆமா..."

சென்னியப்பன் திரும்பி உட்கார்ந்தார். "என்னுங்க நீங்க, எல்லாத்துக்கும் ஆமாங்கறீங்க? மனசுல பட்டதச் சொல்றவருன்னு கேள்விப்பட்டுல்ல வந்தேன்?"

போதாதா? அணை உடைந்தது.

"சொல்றேன், கேட்டுக்குங்க! அந்தத் தேருக்குள்ளாற இரும்புக் கம்பி வெச்சிருக்கறான். கம்பி வெச்சா அது கேக்கா? அந்தப் புள்ள ஒரு கம்பி இல்லாம முழு லாரிய நிறுத்தியிருக்குது. அதுதான் வேல!"

"ஓகோ! உங்க பட்டறைக்கு வர்ற லாரிக்கு அடியில என்னுங்க இருக்குது?"

"சேசிஸ்."

"அது இரும்புங்களா, பஞ்சு மிட்டாயிங்களா?"

அப்புசாமிக்கு வாய் அடைத்தது. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் வாய் அடைத்துக் கமலவேணி பார்த்ததில்லை. சந்தோஷப்படவும் நேரமில்லை, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஊடு தேடி வந்து என் தொழிலயே பேசறீங்களா?"

"தொழிலத் தெரிஞ்சவரு நியாயத்தப் பேசோணுமுங்க!"

கமலவேணி ஓடிப்போய் பலகாரத் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள். "பேச்சு கெடக்குதுங்க, மொதல்ல பலகாரத்தப் பாருங்க!"

அப்புசாமி பார்த்தார். "இதா! கம்பி இல்லாம நிக்குமா நிக்காதான்னு இப்பக் காட்டறேன்."

நான்கு முறுக்கைப் படுக்க வைத்தார், அவை சக்கரம். மேலே மைசூர்பாகை வரிசையாக அடுக்கினார், அது பாடி. முன்னால் பெரிய வில்லை ஒன்று, அது கேபின். "பார்த்துக்குங்க. நிக்குது."

"காலி வண்டி நிக்குமுங்க. லோடு ஏத்துங்க."

"ஏத்தறேன்!" ஒரு லட்டு. இரண்டு லட்டு. ஐந்து.

"மோகனூர் சக்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டு வர்ற வண்டி அஞ்சு லட்டோடயா வரும்? இன்னும் ஏத்துங்க."

ஆறாவது லட்டில் பின்சக்கரம் நொறுங்கியது. லோடு உருண்டது. கேபின் கழன்று சென்னியப்பனின் மடியில் விழுந்தது.

"பார்த்தீங்களா! கம்பி வேணும்னு..." என்று கத்திக்கொண்டே அவர் அந்த மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

டிவியில் யாரோ ஜெயித்ததாகக் கை தட்டினார்கள். யாரென்று யாரும் பார்க்கவில்லை.

"கை நனைச்சுட்டாரு!" என்று கூவினாள் கமலவேணி. "ஏனுங்க, கை நனைச்சுட்டாருங்க!"

சென்னியப்பன் மெல்லுவதை நிறுத்தினார். கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அட சாமி! சண்டை மும்முரத்துல தின்னு போட்டனே!"

"தின்னது தின்னதுதானுங்க," என்றார் அப்புசாமி. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "என்ற எதிர்ல உக்காந்து இவ்வளவு நேரம் ஈடு குடுத்த ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாது. பொண்ணு குடுத்தா இந்த ஊட்டுலதான் குடுக்கோணும். வாங்க சம்மந்தி!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷமே, கல்யாணத்துக்குக் கேக் லாரியா, கேக் தேரா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இருவருக்கும் நடுவில் சபரிநாதன் உட்கார்ந்து நொறுங்கிய சக்கரத்தைத் தின்றான்.

கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பின்னாலேயே வசந்தாமணி வந்து காப்பி டம்ளர்களை எடுத்து வைத்தார்.

"எல்லாம் என் மைசூர்பாகு செஞ்ச புண்ணியமுங்க," என்றாள் கமலவேணி. "உங்கூட்டுக்காரரும் அந்த டிவிப் பைத்தியமா இருந்ததுனால தப்பிச்சேன்."

வசந்தாமணி கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கூட்டுல அத ஒரு நாளும் பார்த்ததில்லீங்க சம்மந்தி. 'எங்கப்பாகிட்டத் தலையாட்டினாலும் போச்சு, பயந்தாலும் போச்சு'ன்னு சொல்லி, சண்டை போடறதுக்கும் நடுவுல மறக்காம ஒரு இனிப்ப எடுத்து வாயில போடறதுக்கும் உங்க தமிழினிதான் ஒரு வாரமா எங்கூட்டுக்காரருக்குப் போன்ல பாடம் நடத்துச்சு!"